மூன்று கறுப்பு வைரங்கள்

ஜெபக்குமார் சார் மீசைக்குச் சாயம் போட்டிருக்கிறார். இடது பக்கம் ஒரு பூச்சு கூடிவிட்டது. யாராவது சொன்னால் நல்லது. ஆனால் யார் சொல்வது? நான் சொன்னால் சிலேட்டில் எழுத்தாக விழும், பெள்ளிராஜ் படிப்பார், சாயங்காலத்துக்குள் குன்னூர் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் வசுமதி. நாக்கு நுனிக்கு வரவிடாதே.

நாக்கு நுனிக்கு வராதவரை பயமில்லை. வசுமதியின் கழுத்தில் இருந்த பட்டை மனதைப் படிக்கிற மந்திரமெல்லாம் இல்லை. பேச வேண்டும் என்று எண்ணியதும் தொண்டைத் தசைகளுக்கு நரம்பு அனுப்புகிற சிறு துடிப்பை மட்டும் அது பிடித்து எழுத்தாக்கும். குரல்நாணில் கட்டி வந்து, அறுவை முடிந்து, கட்டியோடு குரலும் போன பிறகு அலுவலகம் வாங்கிக் கொடுத்தது. எழுத்து விழும் சிறிய திரைக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. பெள்ளிராஜ் முதல் நாளே அதைச் சிலேட்டு என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

கையால் எழுதிக் காட்டலாமே என்று கேட்பவர்களுக்குத் தேயிலை ருசி பார்க்கும் வேலை தெரியாது. நீண்ட மேசையில் எண்பது வெள்ளைக் கோப்பைகள். ஆவி அடங்குவதற்குள் ஒவ்வொன்றிலும் கரண்டியால் அள்ளி, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, அண்ணத்தில் தெறிக்கவிட்டு, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். நகர்கிற அந்த ஓரடி நேரத்தில் வாயிலிருந்து தீர்ப்பு விழ வேண்டும். பேனாவைத் தேடினால் டீ ஆறிவிடும். ஆறிய டீ பொய் சொல்லும்.

ருசி பார்ப்பவர் சொல்வதைச் சொன்னபடி எழுதுவது பதிவாளரின் வேலை. ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தக் கூடாது. ஆலைகளின் தேயிலையை ஏலத்தில் விற்றுத் தரும் அந்தத் தரகு நிறுவனத்தில் அது எழுதாத சட்டம். வசுமதி இருபத்தாறு வருஷமாக ருசி பார்க்கிறாள். பெள்ளிராஜ் பத்தொன்பது வருஷமாக அவள் சொன்னதை எழுதுகிறார்.

“வணக்கம் மேடம்,” என்றார் மேலாளர் ஜெபக்குமார். கூடவே மடிக்கணினிப் பையோடு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். “இவங்க நஸ்ரின். உங்க பட்டைக்குள்ள ஓடுற புரோகிராம் இவங்க எழுதினதுதான். அந்த வைர விஷயத்துக்கு ஒரு முடிவு கட்ட வரவழைச்சிருக்கோம்.”

வைரம் என்றதும் பெள்ளிராஜ் பதிவேட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். பட்டையில் ஒரே ஒரு குறை உண்டு. வசுமதி தயங்கும் இடங்களில் எழுத்து வராது. அதற்குப் பதிலாக ஒரு கறுப்பு வைரம் விழும், நடுவில் வெள்ளைக் கேள்விக்குறியோடு. சென்ற மாதம் ஒசட்டி சிறு விவசாயிகள் ஆலையிலிருந்து ஒரு சரக்கு வந்தது. அவள் உறிஞ்சினாள், அப்படியே நின்றுவிட்டாள். கசப்பில்லை, துவர்ப்பும் இல்லை. துவர்ப்பு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. இதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. மூன்று முறை முயன்றாள். சிலேட்டில் மூன்று வைரங்கள் விழுந்தன.

சொன்னதைச் சொன்னபடி எழுதுபவர் அல்லவா பெள்ளிராஜ்? ஏலப் பட்டியலில் அந்தச் சரக்குக்கு நேரே மூன்று வைரங்களை அப்படியே ஏற்றிவிட்டார்.

கொச்சியில் ஒருவரும் கோவையில் ஒருவரும் அதை ஏதோ புதிய உச்சத் தரம் என்று நினைத்து முட்டி மோதி விலையை ஏற்றினார்கள். அடுத்த வாரம் நாலு ஆலைக்காரர்கள் போன் செய்து, “எங்களுக்கும் வைரம் போடுங்க, ஒண்ணாவது போடுங்க” என்று கெஞ்சினார்கள். சரக்கை வாங்கிய கொச்சிக்காரரிடம் ஜெபக்குமார் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரோ, “டீ நல்லாத்தான் இருக்கு, திருப்பியெல்லாம் தரமாட்டேன். வைரம்னா என்னன்னு மட்டும் எழுதிக் குடுங்க, எங்க கடைக்காரங்க கேக்குறாங்க” என்றார்.

“என்னன்னு எழுதிக் குடுக்கிறது?” என்று ஜெபக்குமார் இப்போதும் புலம்பினார். “எங்க டேஸ்டருக்கே தெரியலைன்னா? ஊரே சிரிக்கும்.”

“ஊர் ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிருச்சுங்க சார்,” என்றார் பெள்ளிராஜ், பதிவேட்டுக்குள்ளிருந்தே.

நஸ்ரின் வசுமதிக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் என்ன பண்ணப்போறேன்னு சொல்லிடறேன் மேடம். எழுத்துன்னு நாம பாக்குறது கம்ப்யூட்டருக்கு வெறும் நம்பர். தமிழ்ல ஒரு எழுத்து மூணு துண்டா வரும்னு வச்சுக்கோங்க. முதல் துண்டு வாசல்ல வந்து நின்னு, ‘எனக்குப் பின்னால ரெண்டு பேர் வர்றாங்க’ன்னு சொல்லும்.”

“பந்திக்கு வர்ற மாதிரி,” என்றார் பெள்ளிராஜ். அவருக்கு மெல்லத் தெம்பு வந்திருந்தது.

“அதேதான் சார். மூணு இலை போட்டாச்சு. ரெண்டாவது ஆள் வந்துட்டார். மூணாவது ஆளைக் காணோம். அந்த இடத்துல வேற குடும்பத்தோட முதல் ஆள் வந்து நிக்கிறார். இப்ப என்ன செய்வீங்க?”

“வந்தவரை உக்கார வைக்க வேண்டியதுதான். சோறு ஆறுதில்ல?”

“வச்சீங்கன்னா அவரோட குடும்பம் பிரிஞ்சு போகும். அதுக்குப் பின்னால வர்ற பந்தி மொத்தமும் தாறுமாறாயிடும். அதனால சில பேர் பந்தியையே நிறுத்திடுவாங்க, ஒரு துண்டு கெட்டா முழு வாக்கியத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க. நான் அப்படிச் செய்யல. காலி இலைக்கு நேரா ‘ஆள் வரலை’ன்னு ஒரு அடையாளம் வச்சுட்டு, அடுத்த குடும்பத்தைப் புதுசா உக்கார வச்சேன். அந்த அடையாளம்தான் உங்க வைரம். மேடம் தயங்கும்போது துடிப்பு பாதியில நின்னுடுது, மீதித் துண்டு வர்றதில்ல.”

“இப்ப?”

நஸ்ரின் மேலாளரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “வராதவர் யாரா இருக்கும்னு ஊகிச்சு, அவரை மாதிரியே ஒருத்தரைக் கொண்டுவந்து உக்கார வைக்கணும். அதைத்தான் போடச் சொல்லியிருக்காங்க.”

“கண்ட ஊகம் இல்ல மேடம்,” என்று ஜெபக்குமார் குறுக்கிட்டார். “உங்க இருபத்தாறு வருஷக் குறிப்பு, மெயில், போன் மெசேஜ் எல்லாத்தையும் அதுக்குக் கொடுத்திருக்கு. நீங்க என்ன சொல்லியிருப்பீங்களோ அதைத்தான் போடும். ஒரு வாரம் பாருங்க. அடுத்த திங்கக்கிழமை ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

அதையெல்லாம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்ததும் வசுமதிதான். கேட்டார்கள், கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்துவிடுவது அவளுக்கு மூச்சு விடுவது போல. கொடுத்த பிறகுதான், கொடுக்க வேண்டியிருந்ததா என்று யோசிப்பாள்.

உண்மையில் அவளுக்கு வைரங்களைப் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் கணவர் நடேசன் எந்தக் காலத்திலும் கெட்ட மனுஷன் அல்ல. ஆனால் அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவு அவருக்குத் தெரிந்துவிடும். பாதியிலேயே “சரி சரி” என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார். பெரும்பாலும் அவர் நினைத்த முடிவு சரியாகவே இருக்கும் என்பதுதான் வேதனை. வைரங்கள் வந்த பிறகு அது மாறியது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிலேட்டின் மேல் குனிவார்.

“வசு, இந்த இடத்துல என்னமோ விட்டுப் போச்சு. என்ன சொல்ல வந்த? கத்தரிக்கா? இல்லையா? ரசமா? அட, உங்க அக்கா வர்றாளா?”

அவள் தலையாட்டித் தலையாட்டிச் சிரிப்பாள். சத்தம் வராத சிரிப்பு வயிற்றுக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் ‘என்ன சொல்ல வந்த?’ என்று அவர் கேட்டதையெல்லாம் கூட்டினாலும் இந்த மூன்று மாதக் கணக்கு அதைத் தாண்டிவிடும். அந்தச் சின்னக் கேள்விக்குறியை அவர் தன்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். சில சமயம் அவர் கேட்ட பிறகுதான், தான் என்ன சொல்ல வந்தோம் என்று அவளே தேடுவாள். தேடினால் கத்தரிக்காயைத் தாண்டியும் ஏதாவது அகப்படும்.

நஸ்ரின் மாற்றத்தைப் போட்டுவிட்டுப் போன முதல் இரண்டு நாளும் திருவிழாதான். சிலேட்டு மடமடவென்று பேசியது. பால்காரரிடம் அவர் மகளின் பரீட்சையை விசாரித்தது. நாத்தனாருக்கு அவள் எப்போதும் சொல்கிற அந்தப் பதமான ஆறுதலைச் சொன்னது. “குரலே திரும்பி வந்த மாதிரி இருக்கு” என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவளும்தான். தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது லேசான பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை ஒசட்டி ஆலையிலிருந்து அடுத்த சரக்கு வந்தது. மேசையில் முப்பத்தோராவது கோப்பை. அவள் உறிஞ்சினாள். அதேதான். இன்னும் ஒரு படி மேலே. ஏதோ ஒரு குளிர், மூக்கின் பின்பக்கமாக ஏறி, நினைவுக்கு வராத ஒரு பெயரைப் போல நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சிலேட்டில் எழுதி முடிந்திருந்தது.

‘நல்ல நிறம். மிதமான எடுப்பு. கலப்புக்கு ஏற்றது.’

பெள்ளிராஜ் அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் கரண்டியால் கோப்பை விளிம்பைத் தட்டினாள். இல்லை என்று கையை வீசினாள்.

“என்னங்க மேடம்? நீங்க சொன்னதுதானே எழுதியிருக்கு?”

ஆமாம். அவள் ஆயிரம் முறை சொன்னதுதான். பல்லாயிரம் கோப்பைகளுக்குப் பொருந்தியதுதான். இந்த ஒரு கோப்பைக்குத்தான் அது பொருந்தாது. அவள் விளக்க வாயெடுத்தாள். ‘ஒன்றுமில்லை, அடுத்ததைப் பார்ப்போம்’ என்றது சிலேட்டு. பெள்ளிராஜ் அடுத்ததற்கு நகர்ந்தார். நாற்பத்தொன்பது கோப்பைகள் ஆறிக்கொண்டிருந்தன. அவளும் நகர்ந்தாள். ஒசட்டிச் சரக்கு கலப்புத் தூளின் விலைக்குப் போனது.

மறுநாள் மாலை, வெயில் இன்னும் தேயிலைச் சரிவில் இருந்தது. நடேசன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, பேச்சுவாக்கில் சொல்வது போல ஆரம்பித்தார்.

“கோயமுத்தூர்ல தம்பி ஒரு வீடு பாத்திருக்கான். எனக்கும் இந்தக் குளிரு மூட்டுக்கு ஒத்துக்க மாட்டேங்குது. நீ ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்குதுன்னு தெரியும். இருந்தாலும்... வேலையை விட்டுட்டு அடுத்த மாசமே போயிரலாமா வசு?”

அவள் அவரைப் பார்த்தாள். மாவு ஒட்டிய விரல்கள். சிலேட்டு உடனே சொன்னது:

‘ஏங்க, உங்க இஷ்டம்தான். எனக்கென்ன, எங்க இருந்தாலும் சரி.’

“அப்பாடா!” என்றார் நடேசன். “நீ மாட்டேன்னு சொல்லுவியோன்னு ரெண்டு நாளா கேக்காமயே வச்சிருந்தேன் போ.” மாவு உருண்டைகளை உற்சாகமாகத் தட்ட ஆரம்பித்தார். பாட்டுகூட வந்தது.

அவள் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாக்கியம். அந்த ‘எனக்கென்ன’ அவளுடையது, அதில் இருந்த லேசான இழுப்பு அவளுடையது. சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை. சொன்னேனா? சொல்ல நினைத்தேனா? அல்லது இத்தனை வருஷமும் இப்படித்தானா, உள்ளே ஏதோ ஒன்று தயங்கி நிற்கும்போது, எங்கிருந்தோ ஒரு பழைய வாக்கியம் ஓடிவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டதா? பட்டை புதிதாக எதையும் செய்யவில்லையோ?

பேனாவும் சாமான் பட்டியல் எழுதும் தாளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவள் எடுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் வந்ததும் வசுமதி அவளை மாதிரிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். முன்னாலேயே எழுதிவைத்திருந்த தாளை நீட்டினாள். ‘வியாழன் மாலை ஐந்தரை மணி. தொண்டையிலிருந்து என்ன வந்தது? உன் ஊகத்துக்கு முன்னால்.’

நஸ்ரின் மடிக்கணினியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உருட்டினாள். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“இதுல வலது பக்கம் இருக்குறது சிலேட்டுல வந்தது. இடது பக்கம் உங்க தொண்டையில இருந்து வந்தது.”

இடது பக்கத்தில் ‘ஏங்க’ என்று இருந்தது. அதன் பின் கறுப்பு வைரங்கள், வரி முடியும்வரை, ஒன்றன் பின் ஒன்றாக.

“இதுல உங்களுது ‘ஏங்க’ மட்டும்தான்க்கா,” என்றாள் நஸ்ரின். மேடம் எப்போது அக்கா ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. “மிச்சமெல்லாம் அது போட்டது.”

வசுமதி விரலால் வைரங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டுவிட்டு நின்றிருக்கிறாள். இவ்வளவு நீளமாக. அந்த நீளத்தைப் பார்க்க அவளுக்கு, ஆச்சரியமாக, சந்தோஷமாக இருந்தது. நல்லவேளை, நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லைதான். ஆனால் உள்ளே ஒருத்தி இருந்திருக்கிறாள், யோசித்துக்கொண்டு.

தாளை எடுத்து எழுதினாள். ‘ஏன் அந்தப் பதிலைப் போட்டது?’

“நீங்க அதிகமாச் சொன்னது அதுதான்க்கா. யார் எது கேட்டாலும் உங்க மெசேஜ்ல நூத்துக்குத் தொண்ணூறு ‘சரிங்க’ன்னுதான் முடியுது. அதுக்கு அதுதான் நீங்க.” நஸ்ரின் திரையிலிருந்த வைரங்களைத் தொட்டுக் காட்டினாள். “தெரியாததைத் தெரியலைன்னு காட்டுறதுக்குத்தான் நான் அந்த வைரத்தைப் போட்டேன். நாலே வரி. நான் எழுதின புரோகிராம்லயே எனக்குப் பிடிச்சது அந்த நாலு வரிதான். ஆனா எங்க ஆபீஸ்லயும் அதை யாரும் விரும்பல. பாக்க அசிங்கமா இருக்காம்.”

‘பழையபடி மாற்ற முடியுமா?’

“ஒரு நிமிஷ வேலை. ஆனா ஜெபக்குமார் சார் சொல்லணும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அவர் சொன்னாலும் முடியாது, நிரந்தரமாயிடும்.”

நடேசனுக்கு அன்று இரவு சாப்பாட்டின் போது, பேனாவால், பொறுமையாக எழுதிக் காட்ட வேண்டும் என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். போகலாமா வேண்டாமா என்பது இன்னும் தெரியாது. தெரியாது என்பதை எழுத வேண்டும். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஜெபக்குமார் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டும் ஒரு தாளுமாக வந்து சேர்ந்தார். வசுமதி பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெள்ளிராஜ் முதல் வர்க்கியை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கையெழுத்து மேடம். ‘இந்தத் திரையில் வருவன எல்லாம் என் சொற்களே.’ இவ்வளவுதான் விஷயம். இந்த வாரம் ஒரு புகார் இல்ல, ஒரு போன் இல்ல. பட்டியல் பளிச்சுன்னு இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “போடலைன்னா பட்டியலுக்கு வேற டேஸ்டரைப் போடச் சொல்லி மேல இருந்து உத்தரவு. உங்களை சாம்பிள் ரூமுக்கு மாத்தணுமாம், டப்பாவுக்கு லேபிள் ஒட்ட. சத்தியமா எனக்கு அதுல இஷ்டமில்ல மேடம். உங்க நாக்கு இல்லாம இந்த மேசை எதுக்கு?”

அவர் உண்மையைத்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்தது. நல்லவர்கள் கேட்கும்போதுதான் எப்போதும் கஷ்டம். அவள் மேசையைப் பார்த்தாள். எண்பது கோப்பைகள், ஒவ்வொன்றிலும் சற்றே வேறுபட்ட சிவப்பு. இந்த மேசை இல்லாமல் காலை எப்படி விடியும் என்று தெரியவில்லை. டப்பா, பசை, லேபிள். நாலு வருஷம்.

முடியாது சார் என்று சொல்ல அவள் முயன்றாள். பழக்கமில்லாத சொல். தொண்டை வரை வந்து நின்றது.

‘கண்டிப்பா சார், குடுங்க, போட்டுடறேன்’ என்றது சிலேட்டு.

ஜெபக்குமாரின் முகம் மலர்ந்தது. “எனக்குத் தெரியும் மேடம்!” தாளை அவள் முன் விரித்தார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றித் தாளருகே வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்.

வசுமதி பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளைப் படித்தாள், கடைசி வரி வரை, அவசரமில்லாமல். பிறகு மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள். தாளை இரண்டாக மடித்து, பேனாவை அதன் மேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்றது சிலேட்டு.

ஜெபக்குமார் சிலேட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி சிலேட்டைப் பார்த்தார்.

“மேடம், போட்டுடறேன்னு சொன்னீங்களே?”

‘ஆமாங்க சார். உங்க இஷ்டம்தான்.’

பெள்ளிராஜுக்கு வர்க்கி புரையேறியது. நஸ்ரின் சிலேட்டின் பக்கமே திரும்பவில்லை. அவள் வசுமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கழித்து ஜெபக்குமாரும் தலையை நிமிர்த்தி அங்கே பார்த்தார். கோபம் இல்லாத, சற்றே சிவந்த, புன்னகையை அடக்கிக்கொண்ட ஒரு முகம் மெதுவாக இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது.